குழந்தையின் வலிக்குச் சாட்சி எங்கே என்பார்க்கு

கால் முறிந்து ஒருவன் கிடந்தால் ஊரார் கூடிப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவர். பல்வலியால் ஒருவன் அலறினால் பக்கத்து வீட்டார் இரங்கிக் கிராம்பு கொடுத்தனுப்புவர். ஆனால், 12 வயதுப் பெண்ணொருத்தி, காயமும் இன்றிக் கட்டும் இன்றிக் காய்ச்சலும் இன்றி, "அம்மா, கால் எரிகின்றதே, போர்வை பட்டாலும் பொறுக்க முடியவில்லையே" என்று அழுதால், நம்மவர் வீடுகளில் அவளுக்குக் கிடைப்பன யாவை? முதல் வாரத்தில் தைலம். இரண்டாம் வாரத்தில் திட்டு. மூன்றாம் வாரத்தில் தாயத்து. நான்காம் வாரத்தில் "நடிக்கின்றாள்" என்னும் பட்டம். இப்பட்டத்தைக் கிழித்தெறிய வேண்டுமென்பதற்காகவே யாம் இன்று எழுதுகோலை எடுத்தோம்.

பிறர் குற்றத்தைப் பேசுமுன் எம் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் முறை. எமக்கு மிக நெருங்கிய ஒரு குடும்பம். பாட்டி பால்மரம் சீவிப் பிள்ளைகளை வளர்த்தவர். மகன் பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில் வாழ்பவர். பேர்த்தி, பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பழகிய நாளில் கணுக்கால் பிசகி விழுந்தாள். வீக்கம் பத்து நாளில் வற்றிற்று. வலியோ வற்றவில்லை, நாளுக்கு நாள் ஏறிற்று. கணுக்காலில் தொடங்கியது பாதமெங்கும் பரவி முழங்காலை எட்டிற்று. காலுறை அணியமாட்டாள். மின்விசிறியின் காற்றுப் படாதவாறு சுவரோரம் ஒதுங்கிக் கிடப்பாள். அந்தக் கால் மட்டும் நீலம் பாரித்துக் குளிர்ந்து வியர்த்திருக்கும். எக்ஸ்ரே எடுத்தார்கள்; எலும்பில் யாதொரு குறையும் இல்லையென்று எழுதிக் கொடுத்தார்கள். அத்தாளைக் கண்டபின் அவ்வீட்டில் இரக்கம் வடிந்துவிட்டது. பார்க்கச் சென்ற யாமும், "பரீட்சை வருகின்றதல்லவா, அதுதான் கால் வலிக்கின்றது" என்று சொல்லிச் சிரித்தோம். அப்பெண் எம்மை ஒருமுறை பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முதல் எம் எதிரில் அவள் வலியென்னும் சொல்லையே எடுத்ததில்லை. அந்த மௌனத்தைக் குணமென்று எண்ணி மகிழ்ந்த அறிவாளிகளில் யாமும் ஒருவராயிருந்தோம்.

ஏழு திங்கள் சென்றபின், வலிக்கென்றே உள்ள மருத்துவர் ஒருவரிடம் அவள் கொண்டுசெல்லப்பட்டாள். அவர் எக்ஸ்ரேப் படத்தை முதலிற் கேட்கவில்லை. இரண்டு கால்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்தார். புறங்கையால் இரண்டின் வெம்மையையும் ஒப்பிட்டார். பஞ்சுத் துணுக்கொன்றால் மெல்லத் தொட்டு, அவள் முகத்தையே நோக்கினார். பின்னர், "இஃது உண்மையான வலி, இதற்குப் பெயருண்டு, பெரும்பாலான பிள்ளைகள் இதிலிருந்து மீள்கின்றனர்" என்றார். அப்பெண் அழத் தொடங்கினாள். வலியினால் அன்று. நம்பப்பட்டதனால்.

அந்நோயின் பெயர் யாது? ஆங்கில மருத்துவ முறையினர் "காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்" என்றும், சுருக்கமாகச் சி.ஆர்.பி.எஸ். என்றும் வழங்குவர். ஓருறுப்பைப் பற்றிக்கொண்டு நீடிக்கும் வலி நோய் என்று நாம் சொல்லலாம். அனைத்துலக வலி ஆய்வுச் சங்கத்தார் 1994-ஆம் ஆண்டில் இப்பெயரை ஏற்றனர். நோயை அறிதற்குரிய குறிகளை 2003-ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரிற் கூடிய வல்லுநர் வகுத்தனர். அக்குறிகளை ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். ஆதலின் இங்கே விளங்கச் சொல்லுவோம்.

முதலாவது, பட்ட அடிக்கும் படும் வலிக்கும் பொருத்தமிராது. சிறு பிசகுக்குப் பெரு நெருப்பு. சில பிள்ளைகட்கு அடிபட்ட நினைவே இராது. இரண்டாவது, தொட்டாலே வலிக்கும். போர்வை, நீர்த்துளி, காற்று ஆகியனவும் பகையாகும். மூன்றாவது, அவ்வுறுப்பின் நிறமும் வெம்மையும் மற்றதினின்று வேறுபடும். சிவக்கும், அல்லது நீலம் பாரிக்கும். சுடும், அல்லது சில்லிடும். நான்காவது, வீங்கும், அல்லது அவ்வுறுப்பு மட்டும் மிகுதியாக வியர்க்கும். ஐந்தாவது, அசைக்க வலுவிராது, நடுங்கும், நாட்செல்ல நகமும் மயிரும் தோலும் மாறும். இவை ஒரே நாளில் ஒருங்கே தோன்றுவன அல்ல. காலையில் நீலமாயிருந்த பாதம் மருத்துவர் பார்க்கும் மாலையில் செம்மையாயிருத்தலும் உண்டு. அதனாலேயே பல பிள்ளைகள் பொய்யரென்று பெயர் வாங்குகின்றனர்.

பிள்ளைகளிடத்து இந்நோய் பெரியோரிடத்து வருவதுபோலவே வருவதன்று. பெரியோர்க்குக் கையில் மிகுதி; பிள்ளைகட்குக் காலில் மிகுதி. பிள்ளைகளிடம் உறுப்புக் குளிர்ந்து காணப்படுதல் அதிகம். 12, 13 வயதையொட்டி வருவதும், ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளை மிகுதியாகப் பற்றுவதும் கண்ட உண்மை. அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகர மருத்துவர்கள் 1992-ஆம் ஆண்டில் இத்தகைய 70 பிள்ளைகளின் வரலாற்றை எழுதி வெளியிட்டனர். எழுபதின்மருள் 59 பேர் பெண்கள். அடிபட்ட நாளுக்கும் நோய் இன்னதென்று தெளிந்த நாளுக்கும் இடையே கழிந்த காலம் சராசரி ஓராண்டு! செல்வமும் கருவிகளும் மிக்க நாட்டிலேயே ஓராண்டு கழிந்ததெனின், நம்முடைய பிள்ளைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, "இதெல்லாம் இக்காலத்துப் புது மோஸ்தர், அக்காலத்தில் இப்படியெல்லாம் நோய் உண்டா?" என்று கேட்கும் பெரியவர்கட்கு ஒரு சொல். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. குண்டு பாய்ந்து நரம்பு கெட்ட போர்வீரரைச் சைலஸ் வியர் மிட்செல் என்பாரும் அவருடன் இருவரும் ஆராய்ந்து 1864-ஆம் ஆண்டில் நூல் எழுதினர். புண் ஆறிய பின்னரும் அவ்வீரர் சிலர்க்குக் கையும் காலும் நெருப்பாய் எரிந்தன. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே நாளைக் கழித்தனர். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. போர்முனைக்கு அஞ்சி நோயாளிபோல நடிப்பாரைக் கண்டுபிடிப்பது எங்ஙனம் என்பது பற்றியும் அதே ஆண்டில் அதே மூவர் தனிக் கட்டுரை வெளியிட்டுள்ளனர். நடிப்பைப் பிடிப்பதிலே தேர்ந்த அம்மூவர்தாம் இவ்வெரிவலியை உண்மை நோயென்று உலகுக்குச் சொன்னார்கள். அவர்கட்கு இல்லாத ஐயம், இரண்டு நிமிடம் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புக் கூறும் நமக்கு எங்கிருந்து வந்தது?

ஐயம் வரும் இடத்தை யாம் காட்டுவோம். வலியென்றால் காயம் இருக்க வேண்டும், காயமில்லையேல் வலியில்லை என்பதே நம்மிற் பலர் கொண்ட கணக்கு. இக்கணக்கு மிகப் பழையது. பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் எழுதி, அவர் இறந்தபின் 1664-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் அச்சேறிய நூலில் ஒரு படம் உண்டு. நெருப்பருகே ஒருவன் பாதம். பாதத்தினின்று மூளைக்குச் செல்லும் நரம்பு. கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையிலுள்ள மணி அடிப்பதுபோல, நெருப்புத் தொட்டால் மூளையில் வலியுணர்வு உண்டாகிறது என்றார் அவர். இழுப்பாரின்றி மணி அடியாது என்பது இதன் முடிவு. ஏறக்குறைய முந்நூறாண்டு இம்மணியே ஒலித்துக்கொண்டிருந்தது. 1965-ஆம் ஆண்டில் மெல்சாக், வால் என்னும் இருவர், தண்டுவடத்தில் வாயில் போன்றதோர் அமைப்பு உண்டென்றும், அஃது உடலினின்று வரும் செய்தியைப் பெருக்கவும் அடக்கவும் வல்லதென்றும், மூளையின் நிலையும் அவ்வாயிலை ஆளுகின்றதென்றும் எடுத்துக்காட்டினர். அதன்பின் நடந்த ஆராய்ச்சிகள் கணக்கைத் திருத்தின. நரம்பும் தண்டுவடமும் மூளையும் சேர்ந்து நடத்தும் காவலே வலி. அக்காவல் தன் நிலை தவறி, ஆபத்து நீங்கிய பின்னும் ஓயாது ஓலமிடுதல் கூடும்.

நம் தோட்டத்து வழக்கால் சொன்னால் எளிதில் விளங்கும். அந்நாளில் விடியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும்; மணி கேட்டதும் எல்லாரும் எழுந்தோடுவர். மணியடிக்கும் பொறி கெட்டு, நள்ளிரவிலும் நண்பகலிலும் தானே அடித்துக்கொண்டிருந்தால், "பெரட்டு இல்லையே, ஆகையால் மணியோசையும் இல்லை" என்று எவனாவது சொல்வானா? ஓசை காதைத் துளைக்கின்றது; உறக்கம் கெடுகின்றது; கெட்டது பொறி. இப்பிள்ளைகளின் வலியும் அத்தகையதே. காலில் காயம் இல்லாமலிருக்கலாம். காலில் வலி இருக்கின்றது.

"அப்படியானால் இது மனநோய்தானே?" என்று உடனே ஒரு கூட்டம் எழும். இக்கேள்வியிலே ஓர் இகழ்ச்சி ஒளிந்திருக்கின்றது. மனத்தில் வருவது பொய், உடலில் வருவது மெய் என்னும் இகழ்ச்சி. மனக்கவலையும் உறக்கக் கேடும் வீட்டுப் பூசலும் வலியைப் பெருக்கும் என்பது மெய்தான். கவலையால் இரத்த அழுத்தம் ஏறுவதும் மெய். அதனால் இரத்த அழுத்த நோயாளியை நடிகனென்று யாரேனும் சொல்வதுண்டா? நீலம் பாரித்த பாதத்தையும், இருபக்கமும் ஒவ்வாத வெம்மையையும் எந்தப் பிள்ளை நடித்துக் காட்ட முடியும்? உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 11-ஆம் பதிப்பு 2022-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் நடைமுறைக்கு வந்தது. வேறு நோயின் நிழலாக மட்டுமன்றி, நாட்பட்ட வலி தானே ஒரு நோயாதலும் உண்டென்று அஃது ஒப்புக்கொண்டுவிட்டது. நம் வீட்டுத் திண்ணைகள் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தோட்டத்திற் பிறந்தோரே, தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகளே! உங்களிடம் யாம் ஒன்று கேட்கின்றோம். நம் பாட்டன்மாரைத் துரைமார் என்ன சொல்லி ஏசினார்கள்? சோம்பேறி என்றல்லவா? உடம்புக்கு ஆகாது என்று லயத்தில் படுத்தவனைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே டிரசர் வெப்பமானியை வாயில் வைப்பார். சூடு ஏறியிருந்தால் நோயாளி, ஏறவில்லையென்றால் வேலைக்கள்ளன். முதுகுவலிக்கு வெப்பமானியிற் கோடு இல்லை. மூட்டுவலிக்கு அதில் எண் இல்லை. ஆகவே அவ்வலிகள் இல்லை! அன்றைய பெயரும் இல்லை, கூலியும் இல்லை. முதியோர் சொல்ல இவற்றையெல்லாம் கேட்டு நாம் பல்லைக் கடித்ததுண்டு. உழைப்பவன் தன் உடலைப் பற்றிச் சொல்லும் சொல்லை நம்பாமை பெருங்கொடுமை என்று மேடைதோறும் பேசினோம். அக்கொடுமையை இன்று யார் செய்கின்றார்? தோட்டங்களிற் பல துண்டாடப்பட்டு வீடமைப்பாகவும் செம்பனைக் காடாகவும் மாறிவிட்டன. துரை கப்பலேறிப் பல காலமாயிற்று. ஆயினும் அவன் வெப்பமானியை நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம். அதை நம் பிள்ளைகளின் வாயிலேயே வைக்கின்றோம். இதனினும் வெட்கக்கேடு வேறுண்டோ?

வெப்பமானியை விட்டால் அடுத்தது வேப்பிலை. கண்ணேறு என்பார் ஒருவர். செய்வினை என்பார் மற்றொருவர். ஆற்றோரம் போனபோது ஏதோ அடித்துவிட்டது என்பார் இன்னொருவர். எலுமிச்சம்பழமும் கோழியும் கயிறும் தகடுமாகக் குடும்பத்தின் காசு கரையும். காசு கரைவதையாவது பொறுக்கலாம். காலம் கரைவதை எங்ஙனம் பொறுப்பது? பூசாரியைத் தேடும் ஒவ்வொரு திங்களும் அவ்வுறுப்பு அசையாமற் கிடந்து இறுகுகின்றது. இன்னும் சிலர், சுளுக்கு எடுக்கின்றேன் என்று நால்வர் பிடித்துக்கொள்ள அப்பாதத்தை முறுக்குவர். தொட்டாலே துடிக்கும் உறுப்பை முறுக்குதல் மருத்துவமா, தண்டனையா? ஏழைத் தாய் கோயிலுக்கு ஓடுவதை யாம் எள்ளவில்லை. அவளை வேறு எவரும் நம்பாததால் அவள் அங்கே ஓடுகின்றாள். அவள் துயரைக் காசாக்குவோரையே யாம் கண்டிக்கின்றோம்.

பெண்பிள்ளைகட்கு நேரும் அநீதி இன்னும் பெரிது. இந்நோய் வரும் பருவமும் பெண் பூப்பெய்தும் பருவமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே அவள் எதைச் சொன்னாலும், "வயசுக் கோளாறு" என்னும் ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றோம். வீட்டுவேலைக்குச் சோம்புகின்றாள் என்கின்றோம். "ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்?" என்று நோயையே மூடி மறைக்கின்றோம். ஆண்பிள்ளை கால்வலி என்றால் பந்தாட்டத்தில் பட்ட அடி. பெண்பிள்ளை கால்வலி என்றால் பாசாங்கு! பெண்விடுதலை பேசும் அன்பர்களை யாம் கேட்கின்றோம்: தன் உடல் நோவைத் தானே சொல்லும் உரிமையும் பெண்ணுக்கு இல்லையாயின், வேறெந்த உரிமையை நீங்கள் அவளுக்கு வாங்கித் தரப்போகின்றீர்கள்?

படித்த பட்டணவாசிகள் இங்கே புன்னகை புரிவார்கள். தாயத்தில் அவர்கட்கு நம்பிக்கை இல்லை. ஆயின் அவர்கட்கும் ஒரு தெய்வம் உண்டு. அதன் பெயர் எக்ஸ்ரே. படத்தில் தெரியாதது உடலில் இல்லை என்பது அத்தெய்வத்தின் வேதம். எலும்பு முறிந்ததா என்று கேட்டால் படம் விடை சொல்லும். வலிக்கின்றதா என்று கேட்டால் அது விடை சொல்லாது. மருத்துவ உலகமே இவ்வகையிற் பிழை செய்ததுண்டு. 1980-களின் நடுப்பகுதி வரையிலும், பச்சிளங் குழந்தைகட்கு வலி பெரிதாகத் தெரியாது என்னும் எண்ணத்தால், போதிய மயக்கமும் வலிமருந்தும் இன்றியே அறுவை செய்யும் வழக்கம் மேனாடுகளில் இருந்தது. 1987-ஆம் ஆண்டில் ஆனந்த் என்னும் மருத்துவரும் அவர் தோழர்களும் வெளியிட்ட ஆராய்ச்சியே அவ்வழக்கத்தைப் பெரிதும் அசைத்தது. சொல்லத் தெரியாத சிசுவின் வலியை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. வாய் திறந்து தமிழில் சொல்லும் பிள்ளையின் வலியை நாம் ஒப்பமாட்டோமா? ஒருவர் தமக்கு வலிக்கின்றதென்று சொல்லும் சொல்லை மதித்தல் வேண்டும் என்று அனைத்துலக வலி ஆய்வுச் சங்கத்தார் 2020-ஆம் ஆண்டில் தம் விளக்கத்தில் எழுதி வைத்தனர். மலேசியச் சுகாதார அமைச்சும் 2008-ஆம் ஆண்டிலேயே, நாடித்துடிப்பைப்போல வலியையும் நோயாளியிடம் கேட்டுக் குறித்தல் வேண்டும் என்று தன் மருத்துவமனைகட்கு வழிகாட்டிற்று. கேட்பது மருத்துவரின் கடமையென்றால், நம்புவது பெற்றோரின் கடமை ஆகாதா?

நம்புதல் என்றால் யாது? இங்கேதான் அன்புள்ள பெற்றோரும் தவறுகின்றனர். "ஐயோ, என் பிள்ளை!" என்று காலைத் துணியாற் சுற்றித் தலையணைமேல் ஏற்றி வைத்து, உணவைப் படுக்கைக்கே கொண்டுவந்து, பள்ளியை நிறுத்தி, ஓராண்டு காத்திருப்பார் உளர். அவர் அன்பை யாம் வணங்குகின்றோம். அவர் முறையை மறுக்கின்றோம். முறிந்த எலும்புக்கு ஓய்வு மருந்து; இந்நோய்க்கு நீண்ட ஓய்வு நஞ்சு. அசையாத உறுப்பு வலுவிழக்கும், குளிரும், மேலும் வலிக்கும். வலிப்பதால் பின்னும் அசைக்க அஞ்சும். வலிப்பது வேறு, கெடுவது வேறு. இந்நோயில் பாதத்தைத் தரையில் ஊன்றினால் வலிக்கும். ஆனால் பாதம் கெடாது. இவ்வுண்மையை மருத்துவர் சோதித்துச் சொன்னபின் பிள்ளைக்கு விளங்கவைத்து, முதலில் பஞ்சாலும் பட்டாலும், பின்னர் முரட்டுத் துணியாலும் தொட்டுத் தொட்டுப் பழக்கி, ஊன்றவும் நடக்கவும் ஓடவும் பயிற்றுதலே சிகிச்சையின் உயிர்நாடி. அச்சத்தையும் சோர்வையும் வெல்ல உளவியலார் துணை வேண்டும். அவரிடம் செல்வது பைத்தியத்தின் அடையாளம் அன்று, பயிற்சியின் ஒரு பாகம். ஒழுங்கான உறக்கமும், சிறிது சிறிதாகப் பள்ளிக்குத் திரும்புதலும் மருந்தே. மாத்திரைகள் துணைக்கு வரலாம், தலைமை தாங்கா.

இதற்கு ஆதாரம் உண்டோவெனில், உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் 103 பிள்ளைகட்கு நாடோறும் 5 அல்லது 6 மணி நேரம், சராசரி இரண்டு வாரம், கடும் உடற்பயிற்சியே சிகிச்சையாகக் கொடுத்து, அதன் பயனை 1999-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நூற்றுக்கு 92 பேர் வலி நீங்கினர். இரண்டாண்டுக்குமேல் தொடர்ந்து பார்க்கப்பட்ட 49 பேரில் 43 பேர் நலமாயிருந்தனர். அவர்களிற் சிலர்க்கு இடையே நோய் மீண்டும் தலைகாட்டி அடங்கியிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் இவ்வளவு விரைவில் மீள்வர் என்று யாம் ஆணையிடவில்லை. நெடுநாள் போராடுவாரும் உளர். ஆயினும் வழி இருக்கின்றது என்பதில் ஐயமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் பிள்ளைகளின் நாட்பட்ட வலிக்கென வெளியிட்ட நெறிமுறையும், உடற்பயிற்சி, உளவியல், தக்க மருந்து ஆகிய மூன்றையும் பிள்ளையின் நிலைக்கு ஏற்பக் கைக்கொள்ளுமாறு கூறுகின்றது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. "நடிக்கிறாய், எழுந்து நட!" என்பவனும் நடக்கத்தான் சொல்கின்றான், "உன் வலியை நம்புகின்றேன், என் கையைப் பிடித்துக்கொண்டு நட" என்பவனும் நடக்கத்தான் சொல்கின்றான். முன்னது கொடுமை, பின்னது மருத்துவம். செய்கை ஒன்றாயினும் பயன் வேறு. நம்பப்படாத பிள்ளை, தன் வலியை மெய்ப்பிப்பதிலேயே தன் வலுவையெல்லாம் செலவிடும். நம்பப்பட்ட பிள்ளைதான் அதனை வெல்லத் துணியும்.

"பிள்ளைகளில் நடிப்பாரே இல்லையா?" என்று கேட்பாரும் உளர். இருக்கலாம். பள்ளிக்கு அஞ்சி ஒருநாள் வயிற்றுவலி என்று சொல்லாத பிள்ளை யார்? ஆனால் விளையாட்டையும் தோழியரையும் திருநாளையும் துறந்து திங்கட்கணக்கில் நடிக்கும் பிள்ளையை யாம் கண்டதில்லை. அப்படியொரு பிள்ளை இருந்தாலும், அப்பிள்ளைக்கும் ஏதோ ஒரு துயரம் இருத்தல் வேண்டும். அதற்கும் உதவிதான் வேண்டும், ஏச்சு வேண்டா. நடிக்கும் ஒரு பிள்ளையை நம்பிவிட்டால் நமக்கு நட்டம் சில நாள். துடிக்கும் ஒரு பிள்ளையை நம்பாவிட்டால் அதற்கு நட்டம் சில ஆண்டு. இவ்விரண்டு தவறுகளில் எது சிறிதென்று நடுநின்று சொல்லுங்கள்.

வலியென்றவுடன் அஃது இந்நோயே என்று நாமே முடிவு கட்டுதலும் கூடாது. காய்ச்சல், எடை குறைதல், மூட்டு வீங்குதல், கட்டி தோன்றுதல், காரணமின்றிச் சோர்ந்து வெளிறுதல், நடு இரவில் வலியால் விழித்தல் ஆகியவை கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்; எலும்பிற் சீழ், மூட்டழற்சி, இரத்தப் புற்று முதலிய நோய்களும் கால்வலியாகத் தொடங்குதல் உண்டு. அவற்றையெல்லாம் சோதித்து விலக்கியபின், "ஒன்றுமில்லை" என்று மருத்துவர் சொன்னால் அத்துடன் எழுந்து வந்துவிடாதீர்கள். "வலி இருக்கின்றதே, அஃது எதனால்? வலி மருத்துவரிடமோ பயிற்சி மருத்துவரிடமோ அனுப்புவீர்களா?" என்று மரியாதையுடன் கேளுங்கள். தொழிலாளியின் பிள்ளைக்கும் கேட்கும் உரிமை உண்டு. நிறம் மாறும் வேளையில் இரண்டு கால்களையும் சேர்த்துக் கைப்பேசியிற் படம் பிடித்து வையுங்கள். எக்ஸ்ரே சொல்லாததை அப்படம் சொல்லும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஒரு பிள்ளை ஒரு காலை மட்டும் தரையில் படாமல் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தால், ஒரு காலணியை மட்டும் கழற்றி வைத்திருந்தால், வகுப்பின் முன்னே நிறுத்தி நகையாடாதீர்கள். அரைநாள் வந்தாலும் வரவேற்று அமர வையுங்கள். மாடியில் உள்ள வகுப்பைக் கீழே மாற்ற முடியுமாவென்று பாருங்கள். நம் சங்கங்களும் மன்றங்களும் பொங்கலுக்கும் கலைவிழாவுக்கும் கூட்டும் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஒரு மருத்துவரை அழைத்துத் தமிழிலே இதனைப் பேசச் செய்யட்டும். பொன்னாடையின் விலையினும் அது மலிவு.

நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து காப்பவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவர் வகுத்தார். அந்நான்கில் நோயாளியையே முதலில் வைத்தார். நாமோ நோயாளியின் சொல்லைக் கடைசியில் வைக்கின்றோம். பலபோது கணக்கிலேயே வைப்பதில்லை. அருகிருந்து காப்பவன் ஐயப்பட்டால் மற்ற மூன்றும் என் செய்யும்?

அப்பெண் இன்று நடக்கின்றாள். மழைநாளில் பாதம் இன்னும் சிறிது குளிர்கின்றது என்கின்றாள். யாம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்கள் சிரித்த அன்றைக்குத்தான் மாமா, இனி யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்" என்றாள். அச்சொல்லுக்கு எம்மிடம் விடை இல்லை. இதை வாசிக்கும் அன்பர்களே, உங்கள் வீட்டில், உங்கள் வகுப்பில், உங்கள் லயத்தில், உங்கள் மாடிப்படியில், அவ்வாறு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். இன்று மாலையே அதனருகில் உட்காருங்கள். சாட்சி கேளாதீர்கள். எங்கே வலிக்கின்றது என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.